டேஷ்போர்டு கடிகாரத்துக்குக் கண்ணாடி மாத்துறது எப்படி: கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் பழைய கார் வச்சிருக்கவங்களுக்கு

பழைய அம்பாசடர், ஃபியட், ஹெரால்டு, மோரிஸ் மைனர் மாதிரி ஒரு வண்டிய எடுத்து உள்பக்கம் சரி பண்ண ஆரம்பிச்சீங்கன்னா, சீட் தைக்க ஆள் கிடைப்பாங்க, ரூஃப் லைனிங் ஒட்ட ஆள் கிடைப்பாங்க, டிங்கர், பெயிண்டர் எல்லாம் கிடைப்பாங்க. டேஷ்போர்டுல இருக்கற ரவுண்டு கடிகாரத்தோட கண்ணாடி கீறிப் போயோ, மங்கிப் போயோ, விரிசல் விட்டோ இருந்தா அத மாத்தித் தர்றதுக்குன்னு மட்டும் நம்ம பக்கம் தனியா ஆள் இல்ல. வாட்ச் கடைக்குப் போனா இது கார் சாமான் சார்ங்கறாங்க, கார் எலக்ட்ரீஷியன்கிட்ட போனா இது வாட்ச் வேலைங்கறாங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல அலைஞ்சுதான் என்னோட மார்க் 2 அம்பாசடர்ல இந்த வேலைய முடிச்சேன். அதுல கம்பெனில வந்த கடிகாரம் இல்ல, முதல் ஓனர் வாங்கி வச்ச ஸ்மித்ஸ்ங்கற பிரிட்டிஷ் கம்பெனியோட கடிகாரம், ரவுண்டு டப்பா, குரோம் ரிங், கருப்பு டயல். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்னுதான் எழுதறேன்.

ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் மீட்டர், டெம்பரேச்சர் மீட்டர்னு ரிங் போட்ட எந்த ரவுண்டு மீட்டருக்கும் இதே முறைதான். கடிகாரத்துக்கு மட்டும் ரெண்டு மூணு விஷயம் கூடுதலா பாக்கணும், அது அந்தந்த இடத்துல வரும்.

1. மாத்தணுமா, தேய்ச்சாலே போதுமான்னு முதல்ல பாருங்க

நிறைய பேர் கண்ணாடி மஞ்சளாயிடுச்சுன்னு மாத்தக் கிளம்பறாங்க, ஆனா அந்த மஞ்சள் பாதி நேரம் கண்ணாடியோடது இல்ல. வெயில்ல காருக்குள்ள ரெக்சின், ரப்பர், பெயிண்ட் எல்லாத்துல இருந்தும் வர்ற ஆவி வருஷக்கணக்கா கண்ணாடியோட உள்பக்கம் படிஞ்சிருக்கும், அதோட வண்டி ஓட்டினவங்க பிடிச்ச சிகரெட் புகையும் சேந்துக்கும். ரிங்கக் கழட்டி உள்பக்கம் சோப்புத் தண்ணில கழுவினாலே பளிச்சுன்னு வந்துடும்.

அடுத்து, அது நிஜக் கண்ணாடியா, இல்ல அக்ரிலிக்குன்னு கண்ணாடி மாதிரியே இருக்கற பிளாஸ்டிக்கான்னு பாக்கணும். நகத்தால தட்டிப் பாருங்க, நிஜக் கண்ணாடின்னா கணீர்னு சத்தம் வரும், அக்ரிலிக்னா டொக்குன்னு இருக்கும். காலைல தொட்டா கண்ணாடி சில்லுன்னு இருக்கும், அக்ரிலிக் அவ்வளவு சில்லுன்னு இருக்காது. இதுலயும் தெரியலைன்னா, கழட்டின அப்புறம் ரிங்குக்கு அடியில மறையற விளிம்புல ஒரு ஊசிய நெருப்புல காட்டி லேசா வச்சுப் பாருங்க, அக்ரிலிக்னா ஊசி உள்ள இறங்கும். கண்ணுக்குத் தெரியற நடுப்பக்கத்துல இத ஒருநாளும் பண்ணாதீங்க.

அக்ரிலிக்ல கோடு கோடா கீறல் மட்டும்தான்னா வாங்க வேண்டியது புதுக் கண்ணாடி இல்ல, வாட்டர் பேப்பர். ஹார்டுவேர் கடையில 800, 1200, 2000 நம்பர்ல ஒவ்வொண்ணு. தண்ணி விட்டு விட்டு முதல்ல 800, அது விட்ட கோட்டுக்குக் குறுக்கா 1200, அதுக்குக் குறுக்கா 2000, கடைசியா பிராஸோ இல்லன்னா பெயிண்ட் கடையில விக்கற ரப்பிங் காம்பவுண்டு போட்டு மெல்லிய காட்டன் துணியால. தேய்க்கத் தேய்க்க கண்ணாடி பால் மாதிரி வெள்ளையாகிடும், பயப்படாதீங்க, 2000 முடிஞ்சு காம்பவுண்டு போடறப்பதான் திரும்பத் தெளியும். இத கழட்டி வெளிய வச்சு மட்டும்தான் செய்யணும், டேஷ்போர்டுல இருக்கறப்பவே தேய்ச்சா அந்தத் தண்ணியும் தூளும் ரிங் இடுக்கு வழியா டயலுக்கு இறங்கும்.

விரிசல், ஓரத்துல சில்லு பேந்தது, வெயில்ல உள்ளுக்குள்ளயே வலை மாதிரி கீறல் விட்டது, இதெல்லாம் தேய்ச்சுப் போகாது, மாத்திதான் ஆகணும். நிஜக் கண்ணாடியில நகம் மாட்டற அளவு கீறல் இருந்தாலும் மாத்துறதுதான் லாபம்.

2. கழட்டறதுக்கு முன்னாடி பேட்டரி

கார் கடிகாரத்துக்கு எப்பவுமே கரண்ட் வந்துட்டே இருக்கும், சாவி ஆஃப்ல இருந்தாலும் வரும், அதனாலதான் அது ஓடுது. பல பேர் சாவிய எடுத்துட்டோம், போதும்னு நினைச்சு டேஷ்போர்டுக்குப் பின்னாடி ஸ்பானர விடறாங்க, அது பாடில பட்டவுடனே ஒயர் புகைய ஆரம்பிச்சுடும். பழைய வண்டிகள்ல அந்த லைன்ல ஃபியூஸ் இருக்கும்னு நம்ப முடியாது.

அதனால பேட்டரில எர்த் கேபிள முதல்ல கழட்டுங்க. எது எர்த்னு கலர வச்சு முடிவு பண்ணாதீங்க, எந்தக் கேபிள் நேரா பாடில போல்ட் போட்டிருக்கோ அதுதான் எர்த். பிரிட்டிஷ் டிசைன்ல வந்த பழைய வண்டிகள் நிறைய பாசிட்டிவ் எர்த், அதாவது பிளஸ் கட்டைதான் பாடில இருக்கும். இடையில யாராவது டைனமோவ எடுத்துட்டு ஆல்டர்னேட்டர் போட்டிருந்தா நெகட்டிவ் எர்த்தா மாத்தியிருப்பாங்க. உங்க வண்டில எதுன்னு பார்த்து ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கோங்க, 8-வது படியில திரும்ப வேணும்.

அப்புறம் போன எடுத்து டேஷ்போர்டுக்குப் பின்னாடி கைய விட்டு நாலு பக்கமும் போட்டோ. ஒவ்வொரு ஒயர்லயும் மாஸ்க்கிங் டேப் சுத்தி பேனால எழுதுங்க: லைவ், எர்த், லைட். பின்னாடி ஒரு யு பிராக்கெட்டும் கையால திருகற நட்டும் இருக்கும், பல்பு ஹோல்டர் இழுத்தா வந்துடும். பழைய ஒயரோட ரப்பர் தொட்டாலே உதிரும், அப்படி இருந்தா அதோட ஒயரையும் மாத்திடுங்க, ரெண்டு தடவ டேஷ்போர்டுக்கு அடியில படுக்க வேண்டாம்.

முள்ளு திருப்பற குமிழ் எங்க இருக்குன்னு இப்பவே கவனிங்க. சில கடிகாரத்துல அது பின்னாடி ஒரு நீளக் கம்பியா டேஷ்போர்டுக்கு அடியில தொங்கும், சிலதுல கண்ணாடி நடுவுல ஓட்டை போட்டு முன்னாடியே வரும். முன்னாடி வர்றதுன்னா உங்க புதுக் கண்ணாடியிலயும் ஓட்டை வேணும், செலவும் ரிஸ்க்கும் கூடும்.

3. ரிங்கத் திறக்கறது

முழு வேலையிலயும் வண்டிக்கு நஷ்டம் வர்ற இடம் இதுதான், இங்க அவசரம் கூடாது. எனக்குத் தெரிஞ்சு ஒருத்தர் வண்டி மீட்டர ஒரு கடையில குடுத்தப்ப ஸ்க்ரூ டிரைவர விட்டு ஒரே நெம்பா நெம்பி, ரிங் கோணி, நுனி உள்ள போயி டயல்ல எட்டுங்கற எண்ணு மேலயே கோடு விழுந்துடுச்சு. கண்ணாடி எங்க வேணாலும் வெட்டிக்கலாம், அந்த டயல் திரும்பக் கிடைக்காது.

ரிங் ரெண்டு வகை. ஒண்ணு திருகற வகை, ஸ்மித்ஸ் மீட்டர்கள்ல அதிகமா இதுதான். ரிங்கோட பின்பக்கம் சின்னச் சின்ன நாக்கு இருக்கும், டப்பாவோட விளிம்புல அதே அளவு வெட்டு இருக்கும், ரிங்கத் திருப்பி நாக்க வெட்டுக்கு நேரா கொண்டு வந்தா அப்படியே கழண்டு வந்துடும். இன்னொண்ணு விளிம்ப மடிச்சு இறுக்கின வகை, ஜெர்மன் வி.டி.ஓ. மீட்டர்கள்ல பாக்கலாம். டப்பாவக் கவுத்துப் பாருங்க, வெட்டு தெரிஞ்சா திருகற வகை, சுத்தி ஒரே மடிப்பா இருந்தா மடிச்ச வகை.

திருகற வகை பெரும்பாலும் துருவும் காஞ்ச ரப்பரும் சேந்து இறுகிப் போயிருக்கும். மீட்டர முகம் கீழ பார்த்த மாதிரி துணி மேல வச்சு, ஒரு ஊசி நுனில எண்ணெய் எடுத்து நாக்கு இருக்கற இடத்துல மட்டும் ஒரு சொட்டு விட்டு ராத்திரி பூரா விடுங்க. ஸ்ப்ரே டப்பாவ நேரா அடிக்காதீங்க, எண்ணெய் ஓடிப் போயி டயல்ல படர்ந்தா அந்தக் கறை போகாது. காலைல பழைய சைக்கிள் டியூப ஒரு பட்டையா வெட்டி ரிங் மேல இறுக்கிச் சுத்தி, ஒரு கையில டப்பா, ஒரு கையில ரிங், இடது பக்கமா திருப்புங்க. அசையலைன்னா வலது பக்கம் லேசா, திரும்ப இடது பக்கம், அப்படி மாத்தி மாத்தி. கட்டிங் பிளேயர் வச்சுப் பிடிச்சுத் திருகினீங்கன்னா ரிங் முட்டை வடிவத்துக்குப் போயிடும்.

மடிச்ச வகைக்கு, முனை மழுங்கின ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, நுனிய வாட்டர் பேப்பர்ல தேய்ச்சு கூர் இல்லாம பண்ணிக்கோங்க. பின்பக்கத்து மடிப்புல ஒரு இடத்துல அரை மில்லிமீட்டர் தூக்குங்க, ஒரு விரல் அகலம் தள்ளி அடுத்தது, இப்படியே முக்கால் வட்டம் வந்து திரும்ப ஆரம்பிச்ச இடத்துல இருந்து இன்னும் அரை மில்லிமீட்டர். ஒரே இடத்துல முழுசா நிமித்தினா அந்த இடத்துல தகடு கிழியும். பின்பக்க மடிப்ப முழுச் சுத்தும் நிமித்த வேண்டியதில்ல, முக்கால் வட்டம் நிமித்தினா போதும், ரிங் சாய்ஞ்சு வெளிய வந்துடும்.

4. திறந்த அப்புறம் டயலப் பாத்துக்கறது

ரிங், ரப்பர், கண்ணாடி எந்த வரிசைல இருக்குன்னு கழட்டறப்பவே போட்டோ எடுத்துக்கோங்க. கண்ணாடிய எடுத்தவுடனே ஒரு டிபன் டப்பாவோட மூடியயோ கண்ணாடி டம்ளரையோ டயல் மேல கவுத்து வச்சுடுங்க, நம்ம ஊர்ப் புழுதி ஒரு மணி நேரத்துல படிஞ்சுடும். டயல விரலால தொடாதீங்க, ஈரத் துணி போடாதீங்க, அந்த எழுத்து பெயிண்ட் தண்ணி பட்டாலே வர்ற வகையும் உண்டு. தூசி இருந்தா வாட்ச் ரிப்பேர்காரங்க வச்சிருக்கற ரப்பர் ஊதியால ஊதுங்க. பஞ்சர் கடை கம்ப்ரசர்கிட்ட போகவே போகாதீங்க, முள்ளே பறந்துடும், அந்தக் காத்துல எண்ணெயும் தண்ணியும் கலந்து வரும்.

முக்கியமான ஒரு எச்சரிக்கை. 1960-கள் வரைக்கும் வந்த வெளிநாட்டுக் கடிகாரங்கள் சிலதுல முள்ளுலயும் எண்ணுலயும் இருட்டுல தெரியறதுக்குப் போட்ட பெயிண்ட்ல ரேடியம் கலந்திருப்பாங்க. இப்ப அது ஒளிராது, ஆனா கதிர்வீச்சு போகல, ரேடியத்துக்கு அரை ஆயுள் 1,600 வருஷம், அதாவது அது பாதியா குறையறதுக்கே அவ்வளவு காலம் ஆகும். அந்தப் பெயிண்ட் பழுப்பு நிறத்துல பொரிஞ்சு பொரிஞ்சு இருந்தா சுரண்டாதீங்க, தேய்க்காதீங்க, அந்தத் தூள வாயால ஊதாதீங்க, ஊதியாலயும் ஊதாதீங்க, குழந்தைங்கள பக்கத்துல விடாதீங்க. கண்ணாடிய மட்டும் மாத்தி மூடிட்டு சோப்பு போட்டுக் கைய கழுவுங்க. சாப்பிடற டேபிள்ல வச்சு இந்த வேலைய பண்ணவே கூடாது.

கண்ணாடிக்கும் டயலுக்கும் நடுவுல ஒரு உள் ரிங் இருக்கும், வெள்ளையாவோ இளம் பச்சையாவோ பெயிண்ட் அடிச்சது. மங்கிப் போயிருக்கேன்னு அதுக்குக் கருப்பு அடிச்சுடாதீங்க. பல்பு வெளிச்சம் அதுல பட்டுத் திரும்பித்தான் ராத்திரில டயல் தெரியுது.

5. அளவு எடுக்கறது

ஸ்கேல் வச்சு எடுக்கற அளவு இதுக்கு உதவாது, மில்லிமீட்டருக்குள்ளயும் துல்லியமா அளக்கற வெர்னியர் கருவி வேணும். சொந்தமா இல்லைன்னா பக்கத்துல எந்த லேத் பட்டறைக்குப் போனாலும் ரெண்டு நிமிஷம் குடுப்பாங்க, ஓசூர் பக்கம் இருக்கறவங்களுக்கு இதுல கஷ்டமே இல்ல. நாலு அளவு எடுங்க: பழைய கண்ணாடியோட விட்டம் (மூணு இடத்துல), கனம், ரிங்குக்குள்ள கண்ணாடி உக்கார்ற பள்ளத்தோட விட்டம், கண்ணாடிக்கும் முள்ளோட உச்சிக்கும் நடுவுல இருக்கற இடைவெளி.

பழைய அக்ரிலிக் சுருங்கியோ வளைஞ்சோ இருக்கலாம், அதனால பழைய கண்ணாடிய மட்டும் நம்பாதீங்க, பள்ளத்தோட அளவுதான் கணக்கு. அதுல இருந்து அக்ரிலிக்னா 0.3 முதல் 0.5 மில்லிமீட்டர் வரைக்கும் குறைச்சு வெட்டணும். ஏன்னா 60 மில்லிமீட்டர் அக்ரிலிக் வட்டம் 40 டிகிரி சூடு ஏறினா கிட்டத்தட்ட 0.17 மில்லிமீட்டர் விரியும், தர்மபுரி சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின காரோட டேஷ்போர்டு காலை சூட்டுக்கும் மத்தியான சூட்டுக்கும் நடுவுல அந்த அளவு தாராளமா ஏறும். கச்சிதமா டைட்டா வெட்டி வச்சா அது விரிய இடமில்லாம நடுவுல உப்பி விரிசல் விடும். நிஜக் கண்ணாடி இதுல எட்டுல ஒரு பங்குதான் விரியும், அதுக்கு 0.2 குறைச்சாலே போதும்.

நாலாவது அளவ நிறைய பேர் விட்டுடறாங்க. பழைய கண்ணாடி தட்டையா இல்லாம வெளிப்பக்கம் லேசா உப்பின மாதிரி இருந்தா அது அழகுக்கு மட்டும் இல்ல, நடுவுல முள்ளு உக்கார்ற தண்டுக்கு இடம் விடறதுக்கு. தட்டைக் கண்ணாடி போட்டா முள்ளு அதுல உரசி கடிகாரம் நின்னுடும், நீங்க மிஷின்ல கோளாறுன்னு தேடிட்டு இருப்பீங்க. இத முன்னாடியே தெரிஞ்சுக்க, பசங்க விளையாடற களிமண்ணுல ஒரு மிளகு அளவு உருட்டி உள் ரிங் மேல நாலு இடத்துல வச்சு, தட்டையா ஒரு பிளாஸ்டிக் துண்ட அது மேல படிய வச்சு, பக்கவாட்டுல இருந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. முள்ளுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டராவது வெளிச்சம் தெரியணும்.

எல்லாம் எடுத்த அப்புறம் கல்யாணப் பத்திரிகை அட்டைல அதே வட்டத்த வெட்டி ரிங்ல வச்சுப் பாருங்க. அந்த அட்டைதான் கடைக்காரர்கிட்ட பேசறதுக்கு உங்க கையில இருக்கற ஆதாரம்.

6. கண்ணாடி எங்க வாங்கறது

நாலு வழி இருக்கு. நான் நாலையும் விசாரிச்சேன். விலையெல்லாம் நான் கேட்டப்ப சொன்னதுதான், கடைக்குக் கடை மாறும்.

வாட்ச் கடை. கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு ஊர் பஜார்லயும் பழைய கைக்கடிகாரம் ரிப்பேர் பாக்கற கடைகள் இன்னும் இருக்கு. உங்க கண்ணாடி 40 மில்லிமீட்டருக்குள்ள இருந்தா முதல்ல இங்கதான் போகணும். உப்பின கண்ணாடி ரெடியா கிடைக்கற ஒரே இடமும் இதுதான், பாக்கெட் வாட்ச், அலாரம் டைம்பீஸ் கண்ணாடி ஸ்டாக்குல எங்கயாவது மூலைல இருக்கும். நான் போன கடை பாய் கார் கடிகாரம்னு சொன்னதும் முதல்ல வேண்டாம்னுட்டார், அப்புறம் ரிங்கையும் அட்டையையும் மட்டும் நீட்டி "பாய், இந்த அளவுக்கு மேல்க்கண்ணாடி மட்டும் இருந்தா போதும், மிஷின் வேலை எதுவும் இல்ல"ன்னதும் டப்பாவ எடுத்துப் பரப்பிட்டார். முழுக் கடிகாரத்தையும் கொண்டு போயி நீட்டாதீங்க. 100 முதல் 300 ரூபாய்க்குள்ள முடியும்.

படம் ஃப்ரேம் போடற கடை. சாமி படத்துக்குப் போடற 2 மில்லிமீட்டர் கண்ணாடி, தட்டையான நிஜக் கண்ணாடிக்கு இது சரியான கனம். ஆனா சின்ன வட்டமா வெட்டறதுக்கு எல்லார்கிட்டயும் கை பழகியிருக்காது, ஒண்ணுக்கு ரெண்டு உடையும், அதனால உடையற துண்டுக்கும் காசு நான் குடுத்துடறேன் அண்ணான்னு முதல்லயே சொல்லிட்டா அவரும் பயமில்லாம வெட்டுவார். ஓரம் கல்லுல தேய்ச்சு மழுக்கித் தரச் சொல்லணும். நடுவுல ஓட்டை வேணும்னா டைமண்ட் பிட்டும் தண்ணியும் வேணும், எல்லாக் கடையிலயும் நடக்காது.

போர்டு கடை. நம்ம ஊர்ல எல்.இ.டி. நேம் போர்டு, அக்ரிலிக் எழுத்து வெட்டற கடைகள் இப்ப நிறைய வந்துடுச்சு, அவங்ககிட்ட இருக்கறது சி.ஓ.2 லேசர், தட்டை அக்ரிலிக்குக்கு இதவிட நல்ல வழி இல்ல. இங்க ஒரு பொறி இருக்கு. ஓசூர் சிப்காட்ல லேசர் கட்டிங்னு போர்டு போட்ட ஜாப் ஒர்க் கடைகள் நிறைய பாப்பீங்க, அவங்க மிஷின் பெரும்பாலும் ஃபைபர் லேசர், இரும்புத் தகடு வெட்டறது, அந்த ஒளி கிளியர் அக்ரிலிக்ல பிடிக்காம ஊடுருவிப் போயிடும். சிப்காட்டுக்குப் போயித் திரும்பி வராதீங்க, போர்டு கடைக்கே போங்க. கேக்க வேண்டியது: காஸ்ட் அக்ரிலிக், 2 மில்லிமீட்டர், மேல ஒட்டியிருக்கற பேப்பர உரிக்காம வெட்டணும். லேசர் தன்னோட பங்குக்கு ஓரத்துல கொஞ்சம் தின்னும், அதனால 0.1 மில்லிமீட்டர் வித்தியாசத்துல மூணு சைஸ் வெட்டித் தரச் சொல்லுங்க. ஒண்ணு வெட்டினாலும் மூணு வெட்டினாலும் மினிமம் சார்ஜ்தான், 200, 300 ரூபாய் கேப்பாங்க. முன்னாடி குமிழ் வர்ற கடிகாரம்னா ஓட்டையையும் லேசர்லயே போட்டுக்கலாம், இந்த வழியோட பெரிய லாபம் அதுதான். ஆயுத பூஜைக்கு முன்னாடி ரெண்டு வாரம் போனீங்கன்னா ஸ்டிக்கர், போர்டு வேலைல மூழ்கி இருப்பாங்க, உங்க சின்ன வட்டத்த எடுத்து வைக்கவே நேரம் இருக்காது.

கடைசி வழி, பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை புதுப்பேட்டைல பழைய மீட்டர் தேடறது, இல்லன்னா வெளிநாட்டுல இருந்து ரெடிமேட் கண்ணாடி வரவழைக்கறது. ஜே.சி. ரோட்டுல அதே மாடல் உடைஞ்ச மீட்டர் கிடைச்சா கண்ணாடியோட ரிங்கும் சேந்து வரும், உங்க ரிங் துருப்பிடிச்சிருந்தா இதுதான் நல்லது. வெளிநாட்டு ஆர்டர்ல கண்ணாடி விலைய விட கூரியர் செலவு அதிகமா வரும், கஸ்டம்ஸ் வரி பொருள் விலைக்கு மட்டும் இல்ல, அனுப்பற செலவையும் சேத்துத்தான் போடுவாங்க. ஆதார், பான் மாதிரி கே.ஒய்.சி. காப்பி கேப்பாங்க, அது குடுக்கற வரைக்கும் பார்சல் நகராது. ஆர்டர் போட்ட பேர், அடையாள அட்டைல இருக்கற பேர், அட்ரஸ் மூணும் ஒத்துப் போகணும். பணம் கட்டின ரசீதையும் பத்திரமா வச்சிருங்க, அதையும் கேப்பாங்க.

7. கழுவறது, மூடறது

லேசர்ல வெட்டின அக்ரிலிக்கோட ஓரத்துல இறுக்கம் இருக்கும், அதுல ஸ்பிரிட், சானிட்டைசர், தின்னர், பெட்ரோல் எது பட்டாலும் கண்ணெதிர்லயே ஓரத்துல இருந்து உள்ள மெல்லிய விரிசல் ஓடும். சோப்புத் தண்ணி மட்டும். கழுவி, துடைக்காம சாய்ச்சு வச்சுக் காய விடுங்க, கடைசியா மைக்ரோ ஃபைபர் துணியால ஒரு தடவ.

ரிங்குக்கும் கண்ணாடிக்கும் நடுவுல இருந்த ரப்பர் வளையம் கருகிப் போயிருக்கும், அத சுத்தமா எடுத்துட்டு ஓ ரிங் கடையில அதே கனத்துல புதுசு வாங்குங்க, 20, 30 ரூபாய்தான். சரியான சைஸ் இல்லைன்னா மீட்டர் கணக்குல ஓ ரிங் கயிறு கிடைக்கும், வெட்டி முட்டுக்கு முட்டு வச்சுக்கலாம். ஃபெவிக்விக் மாதிரி பசைய இந்த வேலைல எங்கயும் தொடாதீங்க, மூடின அப்புறம் அதோட ஆவி கண்ணாடி உள்பக்கம் வெள்ளைப் படலமா படியும். புளிச்ச வாசனை அடிக்கற சிலிக்கானும் வேண்டாம், அந்த ஆசிட் ஆவி உள்ள இருக்கற பித்தளை, செம்பு எல்லாத்தையும் அரிக்கும்.

மூடற நாள் காஞ்ச நாளா இருக்கணும். ஐப்பசி, கார்த்திகை மழைல மூடினா அந்த ஈரக் காத்தும் உள்ளயே அடைபடும், ஓசூர் பக்கம் மார்கழிக் குளிர்ல காலைல கண்ணாடி உள்பக்கம் பனி பிடிச்ச மாதிரி ஆகிடும். அவசரம்னா, மீட்டரையும் கண்ணாடியையும் சிலிகா ஜெல் பொட்டலத்தோட ஒரு டப்பால ராத்திரி பூரா வச்சிருந்து, மத்தியானம் எடுத்து மூடுங்க.

அடுக்கற வரிசை: உள் ரிங், கண்ணாடி, ரப்பர், வெளி ரிங். சில மீட்டர்ல ரப்பர் கண்ணாடிக்கு அடியில, உள் ரிங்குக்கு மேல வரும், நீங்க கழட்டறப்ப எடுத்த போட்டோவப் பாருங்க. திருகற ரிங் வலது பக்கம் திருப்பினா இறுகும், நாக்கு பழைய இடத்துக்கு வந்தா போதும். மடிச்ச ரிங்க வீல் நட்டு டைட் பண்ற மாதிரி எதிர் எதிர் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா மடிக்கணும், மேல் பக்கம் ஒண்ணு, கீழ் பக்கம் ஒண்ணு, இடது, வலது, அப்புறம் நடு இடங்கள். பிளேயரோட வாய்ல லெதர் துண்டு வச்சுக்கோங்க. மடிச்ச அப்புறம் கண்ணாடி சத்தம் போடாம நின்னா போதும், அதுக்கு மேல இறுக்கினா அதுவே விரிசலுக்குக் காரணம்.

8. வண்டில மாட்டறதுக்கு முன்னாடி வெளிய ஓட்டிப் பாருங்க

12 வோல்ட் பேட்டரி ஒண்ணுல, 1 இல்லன்னா 2 ஆம்ப் ஃபியூஸ் லைன்ல போட்டு, ஒரு ராத்திரி முழுக்க ஓட விடுங்க. பிளஸ், மைனஸ் எந்தப் பக்கம்னு 2-வது படியில எழுதி வச்சீங்களே, அதப் பார்த்துக் குடுங்க. உள்ள யாராவது குவார்ட்ஸ் மிஷின் போட்டிருந்தா, பிளஸ், மைனஸ் மாத்திக் குடுத்தவுடனே அது போயிடும்.

பழைய எலக்ட்ரிக் கடிகாரங்கள்ல ஒரு வகை, சில நிமிஷத்துக்கு ஒரு தடவ டக்குன்னு சத்தம் போட்டுத் தானே சாவி குடுத்துக்கும். பேட்டரி இறங்கிப் போனா அந்தக் காயிலுக்கு இழுக்க சக்தி பத்தாது, பாயிண்ட் ஒட்டினபடியே நிக்கும், சூடாகி உள்ள இருக்கற ஈயப் பத்து ஃபியூஸ் உருகிடும், இல்லன்னா காயிலே போயிடும். நம்ம பழைய கார்ல பாதி மாசக்கணக்கா நிக்கற வண்டிகள், பேட்டரி இறங்காம இருக்காது. அதனால கடிகார லைனுக்குன்னு தனியா ஒரு ஃபியூஸும் ஒரு சின்ன சுவிட்சும் மறைவா போட்டுடுங்க. கண்ணாடிக்காகத் திறந்த டேஷ்போர்டுலயே இதையும் சேத்து முடிச்சுடலாம்.

விடிஞ்சதும் ஒரு முழுச் சுத்து முள்ளப் பாருங்க. பெரிய முள்ளும் சின்ன முள்ளும் ஒண்ணு மேல ஒண்ணு வர்ற இடத்துல நின்னா கண்ணாடிலயோ ஒண்ணுல ஒண்ணோ உரசுது. நாலு மூலைலயும் லேசா கண்ணாடிய அமுக்கிப் பாருங்க, அப்பவும் ஓடணும்.

பல்பையும் பாத்துடுங்க. ரொம்ப வாட் ஏத்தி யாராவது போட்டிருந்தா அந்தச் சூடு அக்ரிலிக் ஓரத்த வளைச்சுடும். எல்.இ.டி. போடறதா இருந்தா பாசிட்டிவ் எர்த் வண்டில சாதா எல்.இ.டி. எரியாது, ரெண்டு பக்கமும் வேலை செய்யறதா கேட்டு வாங்கணும்.

9. பேப்பர், ரசீது, ஆர்.டி.ஓ.

கண்ணாடி மாத்தறதுக்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எதுவும் எழுதிக் குடுக்க வேண்டியதில்ல. ஸ்பீடோமீட்டர் கண்ணாடி மாத்தினாலும் அப்படித்தான், ஆனா திறந்திருக்கும்போது கிலோமீட்டர் நம்பர்ல கை வைக்காதீங்க, பின்னாடி விக்கறப்ப அது பெரிய பிரச்னையாகும்.

வண்டி முதல்ல ரிஜிஸ்டர் ஆகி 50 வருஷம் தாண்டியிருந்தா, 2021-ல வந்த வின்டேஜ் வண்டி விதிப்படி தனி ரிஜிஸ்ட்ரேஷன் கேக்கலாம். புதுசா பதிய 20,000 ரூபாய், திரும்பப் பதிய 5,000 ரூபாய், 10 வருஷம் செல்லும், நம்பர்ல வி.ஏ. எழுத்து வரும். ஃபார்ம் 20, இன்சூரன்ஸ், பழைய ஆர்.சி., இறக்குமதி வண்டின்னா பில் ஆஃப் என்ட்ரி வேணும். அப்படிப் பதிஞ்ச வண்டிய தினசரி ஓட்டக் கூடாது, அத யோசிச்சு முடிவு பண்ணுங்க. அந்த விதில வண்டி அதோட ஒரிஜினல் நிலையில இருக்கணும்னு சொல்லியிருக்கு. அதனால சேசிஸ், பாடில எந்த மாத்தமும் பண்ணாதீங்க, உள்பக்கம் சரி பண்றப்ப முன்னாடி எடுத்த போட்டோ, பின்னாடி எடுத்த போட்டோ, வாங்கின கண்ணாடி பில்லுகூட ஒரு ஃபைல்ல போட்டு வைங்க. வாட்ச் கடையில பில் தர மாட்டாங்க, ஒரு துண்டுச் சீட்டுல தேதியும் பொருளும் எழுதி வாங்கிக்கோங்க.

10. எவ்வளவு ஆகும், எவ்வளவு நேரம்

போர்டு கடை அக்ரிலிக்னா கண்ணாடி, ஓ ரிங், வாட்டர் பேப்பர், பிராஸோ எல்லாம் சேத்து 500, 600 ரூபாய்க்குள்ள முடியும். குரோம் ரிங்க திரும்ப முலாம் பூசக் குடுத்தா தனி, அதுக்குத்தான் நேரமும் அதிகம், சின்ன சாமான்னு ஓரமா வச்சுடுவாங்க, பெரிய பம்பரோட சேத்துக் குடுத்தா வேலை நடக்கும்.

நேரம்னு பாத்தா கழட்டி அளவெடுக்க ஒரு ஞாயித்துக்கிழமை, கண்ணாடி வர்ற வரைக்கும் வாரக் கணக்கு, மூடி ஓட்டிப் பாக்க இன்னொரு ஞாயித்துக்கிழமை. சீட், டோர் பேட், மேட் எல்லாம் போடறதுக்கு முன்னாடி இந்த வேலைய முடிச்சுடுங்க, புது சீட் மேல தலைகீழா படுத்து டேஷ்போர்டுக்கு அடியில கை விட வேண்டியிருக்கும். டேஷ்போர்டுல புது பெயிண்ட் அடிக்கறதா இருந்தா பெயிண்ட் முழுசா காஞ்ச அப்புறம்தான் மீட்டர மாட்டணும், இல்லன்னா அந்தத் தின்னர் ஆவியே அக்ரிலிக்க மங்க வச்சுடும். வெட்டி வாங்கின மூணு சைஸ்ல மீதி ரெண்டையும், பழைய கண்ணாடியையும், அளவு எழுதின அட்டையையும் ஒரு கவர்ல போட்டு குளோவ் பாக்ஸ்ல வச்சிடுங்க.